தூக்குத் தண்டனை கொலையைத் தடுக்குமா? முகாம்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

நீலகிரியில் கோத்தகிரி, மஞ்சூர், பந்தலூர் பக்கம் நடக்கும் இலவச சட்ட உதவி முகாம்களுக்குத் தன்னார்வலராகப் போய்க்கொண்டிருக்கிறேன். வக்கீல் இல்லை. பட்டா, ஜீவனாம்சம், முதியோர் பென்ஷன் என்று வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் டிவியில் ஏதாவது கொடூரமான கொலைச் செய்தி ஓடிய வாரம் என்றால், பட்டா மனுவைக் கையில் பிடித்தபடியே தூக்குத் தண்டனையைப் பற்றி ஆரம்பித்துவிடுவார்கள். ஊர் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டு, கீழே பதில் எழுதியிருக்கிறேன். பதிலில் என் கருத்தும் கலந்திருக்கும், மறைக்கப் போவதில்லை.

நம்ம நாட்டுல தூக்கு இருக்குதுங்களா இல்லீங்களா? எடுத்துட்டாங்கன்னு சொல்றாங்களே?

இருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 302-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-வது பிரிவு. கொலைக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை என்று போட்டிருக்கிறது. வழக்கமாகக் கொடுப்பது ஆயுள்தான். தூக்கு கொடுக்க வேண்டுமானால் நீதிபதி அதற்குத் தனியாகக் காரணம் எழுத வேண்டும், வழக்கு ‘அரிதிலும் அரிதானதாக’ இருக்க வேண்டும் என்று 1980-ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உதகை கோர்ட் தூக்கு விதித்தாலும் சென்னை உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேற்ற முடியாது (கொடைக்கானல்காரர்களுக்கு மதுரைக் கிளை). அதற்கு மேல் உச்ச நீதிமன்றம், சீராய்வு மனு, கவர்னர், ஜனாதிபதி என்று படிகள் இருக்கின்றன.

எடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு வரக் காரணம் இரண்டு. 2015-ல் சட்ட ஆணையம் தன் 262-வது அறிக்கையில், பயங்கரவாதமும் நாட்டுக்கு எதிரான போரும் தவிர மற்றவற்றுக்குத் தூக்கை நீக்கலாம் என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரையாகவே நின்றுவிட்டது. இன்னொன்று, தூக்கில் போடுவது அவ்வளவு அபூர்வம். 2000-க்குப் பிறகு நாடு முழுக்க எட்டே பேர்: 2004-ல் கொல்கத்தாவில் ஒருவர், 2012, 2013, 2015-ல் பயங்கரவாத வழக்குகளில் ஒவ்வொருவர், 2020 மார்ச் 20 அன்று நிர்பயா வழக்கில் நாலு பேர். தமிழ்நாட்டில் கடைசி என்றால் 1995-ல் சேலம் சிறையில் ஆட்டோ சங்கர். தண்டனை விதிக்கப்பட்டுக் காத்துக்கொண்டிருப்பவர்கள் மட்டும் 2023 கடைசியில் 561 பேர்.

பயம் இருந்தாத்தானே மனுஷன் அடங்குவான்? இதுக்கெல்லாம் ஆராய்ச்சி வேணுமா அக்கா?

பயம் அடக்கும், யார் இல்லையென்றது? ஆனால் பயம் வேலை செய்ய, அந்த நேரத்தில் அந்த ஆள் ஒரு நிமிஷம் நின்று கணக்குப் போட வேண்டும். கொலைகளில் பெரும்பகுதி அந்த நிமிஷமே இல்லாமல் நடக்கிறது. 2022-ல் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் காரணவாரியாகப் பிரித்திருக்கிறது, முதலிடத்தில் இருப்பது சாதாரணத் தகராறு, கிட்டத்தட்ட பத்தாயிரம். அடுத்தது முன்விரோதம். பணம், நகை மாதிரி ஆதாயத்துக்காகச் செய்தது இரண்டாயிரத்துக்கும் கீழே.

நம் மலையில் இதற்குப் புள்ளிவிவரமே வேண்டாம். சம்பள நாள் சாயங்காலம், டாஸ்மாக்கில் இருந்து திரும்பி எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் தண்ணிக் குழாய்க்கோ கோழிக்கோ சண்டை, கைக்கு எட்டும் தூரத்தில் கவாத்துக் கத்தி. அந்தக் கத்தி எப்போதும் தீட்டியே இருக்கும், மணிக்கட்டுத் தடிமன் தேயிலைத் தண்டை ஒரே வீச்சில் வெட்டுவதற்காகச் செய்தது. இப்படி ஒரு வழக்கில் உள்ளே போனவரின் மனைவி ஜாமீன் விஷயமாக முகாமுக்கு வந்தபோது சொன்னது: விடிந்து ஸ்டேஷனில் முழித்தவர், அடிபட்டவனுக்குத் தையல் போட்டாச்சா என்று கேட்டிருக்கிறார். செத்துப்போனதே தெரியாது. அவருக்கு முன்னால் சட்டப் புத்தகத்தில் தூக்கு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

குடிச்சுட்டு வெட்டறவனை விடுங்க. கூலிப்படை வெச்சு திட்டம் போட்டு செய்யறவன் பயப்படுவானில்ல?

அவன் கணக்குப் போடுகிறவன், உண்மை. ஆனால் அவன் போடும் கணக்கு ‘மாட்டினால் என்ன கிடைக்கும்’ என்பதல்ல, ‘மாட்டுவேனா’ என்பதுதான். மாட்ட மாட்டோம் என்று நம்பித்தான் இறங்குகிறான், நம்பாதவன் இறங்குவதே இல்லை. கொலை வழக்குகளில் விசாரணை முடிந்து தீர்ப்பு வருவதில் பாதிக்கு மேல் விடுதலையில்தான் முடிகிறது, இது அவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். 2017 ஏப்ரலில் கோடநாடு எஸ்டேட்டில் காவலாளி கொல்லப்பட்ட வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நாடே பார்த்த வழக்கு, 2022-ல் சிபிசிஐடி கைக்குப் போனது, உதகை கோர்ட்டில் எத்தனை வாய்தா என்று நம் ஊர் பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

நீலகிரிக்கு ஏறும் வழியில் பர்லியார் செக்போஸ்ட்டில் பஸ், கார் எல்லாவற்றையும் நிறுத்தி, தடை செய்த பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்குகிறார்களே, அதற்கு என்ன தூக்கா போடுகிறார்கள்? சின்ன அபராதம்தான். செக்கிங் கட்டாயம் உண்டு என்று தெரிந்த நாளில் டூரிஸ்ட் கீழேயே பாட்டிலைப் போட்டுவிட்டு ஏறுகிறான், இல்லையென்று தெரிந்தால் பெட்டி பெட்டியாகக் கொண்டு வருகிறான். அபராதத்தைப் பத்து மடங்காக்கி செக்கிங்கை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். இத்தாலியில் பெக்காரியா என்ற சட்டச் சிந்தனையாளர் 1764-லேயே இதைத்தான் எழுதினார். தண்டனை எவ்வளவு கொடியது என்பதைவிட, தப்ப முடியாது என்ற நிச்சயம்தான் ஆளைத் தடுக்கும். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கமே நிற்கின்றன.

ஆயுள்னா 14 வருஷத்துல வெளிய வந்துடுவானே, அது என்ன தண்டனை?

இந்த 14 எங்கிருந்து வந்தது தெரியுமா? கொலை மாதிரி, தூக்கும் விதிக்கக்கூடிய குற்றத்தில் ஆயுள் பெற்றவரை 14 வருஷம் முடியும் முன் தண்டனைக் குறைப்பு கொடுத்து விடக்கூடாது என்று ஒரு விதி. அதாவது, 14 என்பது குறைந்தபட்சக் கோடு. 14 முடிந்தால் விட்டே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆயுள் என்றால் உயிர் இருக்கும் வரை என்று 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று. அரசு விரும்பினால் விடலாம், விடாமலும் இருக்கலாம்.

2008-க்குப் பிறகு இன்னொரு வழியும் வந்தது. 20, 25, 30 வருஷம் தண்டனைக் குறைப்பே கூடாது, அல்லது சாகும் வரை வெளியே வரவே கூடாது என்று உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் உத்தரவிடலாம். 2015-ல் ராஜீவ் கொலை வழக்குக் கைதிகள் விஷயத்தில் ஐந்து நீதிபதி அமர்வு இதை உறுதி செய்தது.

ஒருத்தனாவது தூக்குக்குப் பயந்து கத்தியைக் கீழ போட்டிருக்க மாட்டானா?

போட்டிருக்கலாம். செய்யாமல் விட்ட கொலையை யாரும் எண்ண முடியாது, அதனால் இதை அடியோடு மறுக்க என்னால் ஆகாது. ஆனால் எல்லோரும் தூக்கையும் தண்டனையே இல்லாததையும் எதிரெதிரே வைத்துப் பேசுகிறார்கள். ஒப்பிட வேண்டியது தூக்கையும் ஆயுளையும். 25 வருஷம் கோவை மத்திய சிறையில் கிடப்பேன் என்பதற்கு மசியாத ஒருவன், தூக்கு என்றால் மட்டும் மசிவான், அதுவும் 2000-க்குப் பிறகு எட்டே பேருக்கு நடந்த தூக்குக்கு. அப்படி ஒரு ஆள் இருக்கலாம். அவனை நம்பி ஒரு சட்டத்தை வைத்திருக்கலாமா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவுல ஒரு தூக்கு எட்டு உயிரைக் காப்பாத்துதுன்னு கண்டுபிடிச்சாங்களாமே? வாட்சப்புல வந்துச்சு.

அது 1975-ல் ஐசக் எர்லிக் என்ற பொருளாதார நிபுணர் எழுதியது. வாட்சப்பில் வராதது அதற்குப் பிந்தைய கதை. அவர் கணக்கில் 1960-களின் சில வருஷங்களை எடுத்துவிட்டால் அந்த எட்டு உயிர் காணாமல் போய்விடுகிறது என்று மற்றவர்கள் போட்டுக் காட்டினார்கள். பிறகு 2000-க்கு மேல் 18 உயிர் என்று ஒரு ஆய்வு வந்தது, அதே தரவை வேறு விதமாக எடுத்தால் தூக்கு கொலையைக் கூட்டுகிறது என்றுகூட வரும் என்று இன்னொன்று வந்தது. கடைசியில் 2012-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பார்த்து, தடுக்கிறது என்றோ தடுக்கவில்லை என்றோ சொல்ல இந்த ஆய்வுகள் எதுவும் உதவாது, இவற்றை வைத்துச் சட்டம் போடாதீர்கள் என்று எழுதிவிட்டது.

ஏன் இப்படி? ஒரு மாநிலத்தில் கொலை கூடுவதற்கும் குறைவதற்கும் வேலை, துப்பாக்கி, போதை, இளவட்டங்களின் எண்ணிக்கை, போலீஸ் என்று நூறு காரணம். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தூக்கின் பலனை அதற்குள்ளிருந்து தனியே பிரித்தெடுப்பது ஆகிற காரியமில்லை. கவுன்சில் ‘தடுக்கவில்லை’ என்று சொன்னதாக என் பக்கம் பேசுகிறவர்களும் திரித்துப் பரப்புகிறார்கள், அதுவும் தப்புத்தான்.

சிங்கப்பூர் போய்ப் பாருங்க, ராத்திரி ரெண்டு மணிக்குப் பொம்பளை தனியா நடக்கலாம். தூக்குக்குப் பயந்துதானே?

சிங்கப்பூருக்குப் பக்கத்தில் ஹாங்காங்கை வைத்துப் பாருங்கள். ரெண்டும் துறைமுக நகரம், சீனர்கள் பெரும்பான்மை, வெள்ளைக்காரன் ஆண்ட இடம். ஹாங்காங்கில் 1966-க்குப் பிறகு ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை, 1993-ல் சட்டத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரில் 1990-களின் நடுவில் தூக்கு உச்சத்துக்குப் போனது. இரண்டு ஊர்க் கொலைக் கணக்கையும் 1973-லிருந்து 35 வருஷத்துக்கு ஒப்பிட்டு 2010-ல் ஒரு ஆய்வு வந்தது. ரெண்டு கோடும் ஏறக்குறைய ஒன்றாகவே இறங்கியிருக்கின்றன. ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாங்காங்கிலும் பெண்கள் நடந்து போகிறார்கள்.

அமெரிக்காவிலும் தூக்கு இல்லாத மாநிலங்களில்தான் கொலை விகிதம் வருஷா வருஷம் குறைவு. கனடா 1976-ல் நீக்கியது, அதற்கு முந்தைய வருஷம் லட்சம் பேருக்கு மூன்று கொலை, பிறகு ஏறவில்லை, இறங்கியது. நம் நாட்டிலும் 1990-களின் தொடக்கத்தில் லட்சத்துக்கு நாலரை இருந்தது 2022-ல் 2.1, இத்தனைக்கும் தூக்கில் போடுவது அருகிக்கொண்டே வந்த காலம். தூக்கு குறைந்ததால் கொலை குறைந்தது என்று சொல்ல வரவில்லை (முந்தைய பதிலைப் பாருங்கள்). தூக்கு குறைந்தால் ஊரே வெட்டிக்கொண்டு சாகும் என்பது நடக்கவில்லை, அவ்வளவுதான்.

கேரளாக்காரங்க ஒரு காலத்துல தூக்கையே எடுத்துட்டாங்களாமே, கூடலூர்ல ஒரு சேட்டன் சொன்னார்?

சேட்டன் சொன்னது சரி, ஆனால் கேரளா முழுக்க இல்லை. திருவிதாங்கூர் மகாராஜா 1944-ல் மரண தண்டனையை நீக்கினார். இந்தியாவோடு இணைந்து இந்தியச் சட்டம் வந்தபோது தூக்கும் திரும்ப வந்தது. தூக்கு இல்லாத வருஷங்களிலும் வந்த பின்னும் அங்கே கொலை எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தது. கூடலூரை ஒட்டிய வயநாடு அப்போது மலபார் ஜில்லா, சென்னை மாகாணம், அங்கே தூக்கு இருந்துகொண்டே இருந்தது.

நடுச் சந்தையில நிக்க வெச்சுத் தூக்குல போட்டா எவனும் செய்ய மாட்டான். டிவியில காட்டுங்க!

காட்டிப் பார்த்த நாடு இருக்கிறது. இங்கிலாந்தில் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட குற்றங்களுக்குத் தூக்கு, எல்லாம் ஊர் பார்க்க. ஒரு வீட்டுக்குள் 40 ஷில்லிங் மதிப்புள்ள பொருளைத் திருடினாலே தூக்கு. என்ன ஆயிற்று? ஜூரிகள் கண்ணெதிரே இருக்கும் விலையுயர்ந்த பொருளுக்கு 39 ஷில்லிங் என்று மதிப்புப் போட்டு ஆளைக் காப்பாற்றினார்கள். தண்டனை அளவுக்கு மீறினால் சாட்சியும் நீதிபதியும் கூசிப்போய்க் கையை இழுத்துக்கொள்வார்கள், குற்றவாளிக்குத் தப்பிக்கும் வழி கூடும். மூன்றாவது கேள்வியில் சொன்ன அந்த நிச்சயம் இங்கேதான் உடைகிறது.

நம் நாட்டிலும் ஜெய்ப்பூரில் மைதானத்தில் வைத்துத் தூக்கிலிடச் சொல்லி ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 1985-ல் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி, காட்டுமிராண்டிக் குற்றத்துக்குக் காட்டுமிராண்டித் தண்டனை பதிலாகாது, அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவுக்கு எதிரானது என்று முடித்துவிட்டது.

சின்னக் குழந்தைகிட்ட நடந்துக்கறவனுக்கும் இந்த நியாயமெல்லாம் பேசுவீங்களா?

இந்தக் கேள்வி வரும்போது முகாமில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். எனக்கும் கோபம் வரும். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு எதிரான பாலியல் வன்கொடுமைக்கு 2018-ல் தூக்கைச் சேர்த்தார்கள், 2019-ல் போக்சோ சட்டத்திலும் சேர்த்தார்கள். இதற்கு முன்பே, நிர்பயாவுக்குப் பிறகு அமைக்கப்பட்ட வர்மா கமிட்டி 2013-ல் பாலியல் வன்கொடுமைக்குத் தூக்கு வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தது.

பத்தில் ஒன்பதுக்கும் மேலான வழக்குகளில் செய்தவன் தெரிந்தவன். மாமா, சித்தப்பா, பக்கத்து லைன்காரன். புகார் கொடுக்க வேண்டியது அந்தக் குழந்தையின் பாட்டியோ அம்மாவோதான். “ஜெயிலுக்குப் போகட்டும்னு வந்தேன், ஆளையே கொன்னுருவாங்களா?” என்று கேட்டு, எழுதிய மனுவை மடித்து முந்தானையில் வைத்துக்கொண்டு எழுந்து போன பாட்டியை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் அந்தக் குழந்தை அதே ஆளோடு இருக்கிறது. இன்னொரு பயம் இதைவிட மோசம். தொட்டாலும் தூக்கு, கொன்றாலும் தூக்கு என்றால், ஒரே சாட்சியான குழந்தையை உயிரோடு விட அவனுக்கு என்ன காரணம் இருக்கிறது?

கோர்ட்டு, வாய்தா எதுக்குங்க? கோயமுத்தூர்ல பண்ணின மாதிரி என்கவுன்ட்டர்ல முடிச்சா?

2010-ல் கோவையில் பள்ளிக்குப் போன இரண்டு குழந்தைகளைக் கடத்திக் கொன்ற வழக்கு. கைதான இருவரில் ஒருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார், ஊர் பட்டாசு வெடித்தது. இன்னொருவர் மீது முறைப்படி வழக்கு நடந்து, 2019-ல் உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது. ஆக, சாட்சியம் நின்றது, கோர்ட் தண்டித்தது. சுடாமலேயே நடந்திருக்கும்.

2019 டிசம்பரில் ஹைதராபாத்தில் நாலு பேரைச் சுட்டார்களே, அதை விசாரித்த உச்ச நீதிமன்றக் கமிஷன், கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள் என்று 2022-ல் அறிக்கை கொடுத்தது. அந்த நாலு பேர்தான் செய்தார்களா என்று இனி எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. துப்பாக்கிக்கு அப்பீல் கிடையாது.

கோர்ட்டு சொன்னா சரியாத்தானே இருக்கும்? தப்பான ஆளைத் தூக்குல போடவா போறாங்க?

மகாராஷ்டிராவில் 2003-ல் நடந்த ஒரு கொள்ளை, கொலை வழக்கில் நாடோடிப் பழங்குடியினர் ஆறு பேருக்குக் கீழ்க் கோர்ட் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் மூன்று பேருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கு என்றது. அதே உச்ச நீதிமன்றம் 2019-ல், இவர்கள் குற்றவாளிகளே இல்லை என்று எல்லோரையும் விடுவித்து, ஆளுக்கு 5 லட்சம் கொடுக்கச் சொன்னது. 16 வருஷம் போயே போய்விட்டது. 2009-க்கும் 2019-க்கும் நடுவில் யாராவது அவசரப்பட்டிருந்தால்?

நம் பக்கமே பாருங்கள். 2017-ல் சென்னை முகலிவாக்கத்தில் ஒரு சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் 2018-ல் செங்கல்பட்டு கோர்ட் தூக்கு விதித்தது, உயர் நீதிமன்றம் உறுதி செய்தது, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று விடுதலை செய்தது. தமிழ்நாடே கொதித்தது. அவன்தான் செய்தான் என்று நினைக்கிறவர்கள் விசாரணை ஏன் இவ்வளவு ஓட்டையாக இருந்தது என்று கேட்க வேண்டும். அவன் செய்யவில்லை என்றால் செய்தவன் இன்னும் வெளியே இருக்கிறான். ரெண்டில் எதுவானாலும் தூக்குக் கயிறு எதையும் சரி செய்யவில்லை. மலையில் ஒரு திருட்டு நடந்தால் முதலில் யார் வீட்டுக்கு ஜீப் போகிறது என்று பணியர், இருளர் பழங்குடிக் குடியிருப்புகளில் கேட்டுப் பாருங்கள், அப்போது இந்தக் கேள்வி தூரத்துக் கேள்வியாகத் தெரியாது.

உங்க வீட்டுல ஒருத்தருக்கு நடந்திருந்தா இப்படிப் பேசுவீங்களா அக்கா?

பேச மாட்டேன். அந்த ஆளை நானே வெட்ட வேண்டும் என்று நினைப்பேன். அதனால்தான் தீர்ப்பு எழுதும் வேலையை என்னிடம் கொடுப்பதில்லை. ‘அவன் செய்ததற்கு அவன் சாக வேண்டும்’ என்பது ஒரு வாதம், அதை மதிக்கிறேன், அதற்குப் புள்ளிவிவரம் பதில் இல்லை. ‘அவன் செத்தால் அடுத்தவன் செய்ய மாட்டான்’ என்பது வேறு வாதம், இந்தப் பக்கம் முழுக்க நான் பதில் சொன்னது அதற்கு. இரண்டையும் கலந்து பேசினால்தான் சண்டை முடியாமல் போகிறது.

சரி, அப்போ எதுதான் தடுக்கும்? கொலையுண்டவங்க குடும்பத்துக்கு என்ன வழி?

பெரிய மந்திரம் எதுவும் இல்லை, சலிப்பூட்டும் வேலைகள்தான். பந்தலூரில் சம்பவம் நடந்தால் அன்றைக்கே தடயம் எடுக்க ஆள் வர வேண்டும், மழை கழுவிய பிறகு வந்தால் என்ன எடுப்பது? கூடலூரில் இருந்து சாட்சி சொல்ல 50 கி.மீ. மலை ஏறி உதகைக்கு வந்தவரை, நீதிபதி லீவு என்று திருப்பி அனுப்பினால் மூன்றாவது தடவை அவர் வர மாட்டார், அல்லது முதலில் சொன்னதை மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சியாக வருவார். சாட்சிக்கு மிரட்டல் இருந்தால் 2018-ன் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் மனு கொடுக்கலாம், இது பல பேருக்குத் தெரிவதே இல்லை. அப்புறம் வீட்டுக்குள் அடிதடி என்று மனைவி முதல் தடவை ஸ்டேஷனுக்குப் போகும்போதே எழுதி வாங்க வேண்டும், சமாதானம் பேசி அனுப்பக் கூடாது. கொலையில் முடிகிற பல வழக்குகளில் அந்த முதல் புகார் ஏற்கெனவே ஒரு தடவை வந்து போயிருக்கும்.

குடும்பத்துக்கு: பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. வழக்கு முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை, செய்தவன் யாரென்றே தெரியாவிட்டாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம், வக்கீல் பீஸ் கிடையாது. எஃப்.ஐ.ஆர் நகல், இறப்புச் சான்றிதழ், ஆதார், பாங்க் புத்தகம் இவற்றின் ஜெராக்ஸ் எடுத்து வாருங்கள். எஃப்.ஐ.ஆர் நகல் தர மறுத்தால் அதையும் சொல்லுங்கள், அதற்குத் தனியாக ஒரு மனு எழுதலாம்.